ராஜாவை நம்பிய சனம்

பிரெஞ்சுப் புரட்சிக்குக் காரணம் என்ன என்று கேட்டால், என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். அரசியல் காரணம், சமூகக் காரணம், பொருளாதாரக் காரணம், தத்துவ ஞானிகளின் தாக்கம். ஐந்து மார்க் கேள்வி என்றால் ஐந்து வரி. கூடவே யாராவது ஒருத்தர், "ரொட்டி இல்லேன்னா கேக் தின்னட்டும்னு ராணி சொன்னாவல்லா டீச்சர்" என்பார். ராணி மரி அந்துவானெத் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே இல்லை. ஆனால் அந்த ஒரு வரிதான் எல்லோருக்கும் மனதில் நிற்கிறது.

நான் தக்கலைப் பக்கத்துக்காரி. திருவிதாங்கூர் ராஜாக்களின் பத்மநாபபுரம் அரண்மனையைத் தினமும் தாண்டிப் போகிறவர்கள் நாங்கள். ராஜா என்றால் எங்களுக்குப் பாடப்புத்தகத்துப் படம் இல்லை. இன்றைக்கும் எங்கள் பக்கத்துப் பழைய நிலப் பத்திரங்களில் அந்த ராஜ்ஜியத்துக் கணக்கான கொல்லம் ஆண்டு போட்டிருக்கும். என் பாட்டி பேச்சுக்குப் பேச்சு "பொன்னு தம்புரான் காலத்துல" என்பாள், தம்புரான் என்றால் ராஜா. வரி, ஊழியம், அதிகாரியின் அடி என்று அவள் கேட்டு வளர்ந்த கதைகளில் கொடுமைக்குக் குறைவே கிடையாது. ஆனாலும் கடைசியில் ஒன்று சொல்லுவாள்: "தம்புரானுக்கு இது ஒண்ணும் தெரியாது மக்களே. இடையில நிக்கவன்தான் எல்லாம் செய்தது."

பிரெஞ்சுப் புரட்சியைப் புரிந்துகொள்ள எனக்குச் சாவி கொடுத்தது இந்தப் பேச்சுதான். 1789இல் பிரான்சின் ஊர் சனமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. ராஜாவை வெறுத்ததால் புரட்சி கிளம்பவில்லை. ராஜா கேட்பார் என்று நம்பினார்கள், அந்த நம்பிக்கையில்தான் கிளம்பியது. இது பாடத்தில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடலாம். 1788ஆம் ஆண்டுக் கணக்கில் பிரெஞ்சு அரசின் செலவு சுமார் 63 கோடி லிவர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்). அதில் பாதிக்கு மேல் பழைய கடனுக்கான வட்டியும் தவணையும். அரண்மனைச் செலவு சுமார் 6 சதவீதம்தான். ராணியின் பட்டும் வைரமும் சனத்தின் கோபத்தைக் கிளறின என்பது உண்மை. கஜானாவைக் காலி செய்தது அது இல்லை, போர். இங்கிலாந்தைப் பழிவாங்க வேண்டும் என்று அமெரிக்கச் சுதந்திரப் போரில் இறங்கி, அதற்கு நூறு கோடி லிவருக்கு மேல் செலவழித்தார்கள். பெரும்பகுதி கடன்.

இந்த இடத்தில் நம் பக்கத்துக் கதை ஒன்று குறுக்கே வருகிறது. பிள்ளைகளிடம் சொன்னால் கண்ணை விரித்துக் கேட்பார்கள். ஆங்கிலேயருக்கு எதிராகப் படை உதவி கேட்டு, மைசூர் திப்பு சுல்தான் மூன்று தூதர்களை பிரான்சுக்கு அனுப்பினார். 1788 ஆகஸ்ட் 10ஆம் தேதி வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி அவர்களைப் பெரிய ஆடம்பரத்தோடு வரவேற்றார். கவனியுங்கள்: அதற்கு இரண்டு நாள் முன்னால்தான், பணத்துக்கு வேறு வழியில்லாமல், 1614க்குப் பிறகு கூட்டாத, பாதிரிமார், பிரபுக்கள், மற்ற சனம் என்ற மூன்று வகுப்பார் சபையை அடுத்த வருடம் கூட்டுவதாக ராஜா அறிவித்திருந்தார். வரவேற்பு முடிந்து ஆறாம் நாள், ஆகஸ்ட் 16இல், கொடுக்க வேண்டிய பணத்தை முழுசாகக் கொடுக்க முடியாது என்று அரசு கைவிரித்துவிட்டது. தூதர்கள் பரிசுகளோடு திரும்பினார்கள், படை வரவில்லை. அடுத்த வருடம் டிசம்பரில் திப்பு திருவிதாங்கூரின் வடக்கு எல்லைக் காவல் அரணான நெடுங்கோட்டையைத் தாக்கியபோது அவர் கூட பிரெஞ்சுப் படை இல்லை. பாரிஸின் காலிக் கஜானா நம் வடக்கு எல்லை வரைக்கும் வந்து நின்றது.

சரி, கடன் எல்லா ராஜாவுக்கும் இருந்தது. இங்கிலாந்துக்கும் பெரிய கடன். பிரான்சில் அந்தக் கடனை யார் தலையில் வைத்தார்கள் என்பதுதான் விஷயம். பாதிரிமாரும் பிரபுக்களும் சேர்ந்து மொத்த சனத்தில் 2 சதவீதம்கூட வரமாட்டார்கள். முக்கியமான நேரடி வரியிலிருந்து அவர்களுக்கு விலக்கு. மிச்சமிருந்த இரண்டே முக்கால் கோடிப் பேர் ராஜாவுக்கு நிலவரி, சர்ச்சுக்கு விளைச்சலில் பங்கு, ஊர்ப் பிரபுவுக்குக் குத்தகைக்கு மேல் குத்தகை, சாலை போடக் கூலியில்லா வேலை என்று எல்லாவற்றையும் சுமந்தார்கள். அந்தக் கூலியில்லா வேலையை எங்கள் ஊரில் விளக்கவே வேண்டாம். ஊழியம் என்று சொன்னால் போதும்.

ஆனால் நான் வகுப்பில் அதிக நேரம் நிற்பது உப்பில்தான்.

பிரான்சில் உப்பு ராஜாவின் தனி உரிமை. நாட்டின் பெரிய ஒரு பகுதியில் எட்டு வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஏறக்குறைய 7 கிலோ உப்பு அரசுக் கிட்டங்கியில் வாங்கியே ஆக வேண்டும். வேண்டாம் என்று சொல்ல முடியாது. வாங்கிய உப்பைச் சமையலுக்குத்தான் போடலாம். பன்றி இறைச்சியை உப்புக்கண்டம் போட வேண்டும் என்றால் அதற்கு வேறாக, அதே விலைக்கு வாங்கு. அதிகாரிகளுக்கும் பிரபுக்களுக்கும் மடங்களுக்கும் மட்டும் சலுகை உப்பு. இது ஒரு பக்கம். மேற்குக் கடலோர பிரித்தானி மாகாணத்தில் இந்த வரியே கிடையாது. எல்லைக்கு இந்தப் பக்கம் விற்கும் விலை அந்தப் பக்கத்தைப் போல இருபது மடங்குக்கும் மேல்.

இதைச் சொன்னவுடன் பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று கேரள எல்லைக்குப் போகும் களியக்காவிளை ரோட்டில் வளர்ந்த பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே ரேஷன் அரிசி எல்லை தாண்டிப் போகிற மாதிரியே அங்கே உப்பு போனது. ஆண்கள் சுமந்தார்கள், பெண்கள் பாவாடைக்குள் கட்டிக்கொண்டு போனார்கள், சிறு பிள்ளைகள் போனார்கள். உப்புப் பையைக் கட்டி நாயைப் பழக்கி அனுப்பினார்கள். வருடம்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் பிடிபட்டார்கள். ஆயுதத்தோடு பிடிபட்டால் கடற்படைத் துறைமுகத்தில் விலங்கோடு வருடக்கணக்கில் வேலை. வரியை வசூலித்தது அரசு இல்லை, ஏலத்தில் எடுத்த தனியார் குத்தகைக் கூட்டம். அவர்களுடைய காவலாளுக்கு எந்த வீட்டிலும் நுழைந்து உப்புப் பானையைக் கிளறிப் பார்க்க உரிமை உண்டு. சமையலறைக்குள் வந்து கை விடுகிறவனை எந்தப் பெண் மறப்பாள்?

ஆனால் இதிலும் ஒன்று உண்டு. அந்தப் பெண்ணின் கண்ணுக்குப் பட்டது காவலாளும் குத்தகைக்காரனும்தான். ராஜா தெரியவில்லை.

இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்தர் யங் என்று இங்கிலாந்தைச் சேர்ந்த விவசாய எழுத்தாளர் ஒருவர் அப்போது பிரான்சில் பயணம் செய்துகொண்டிருந்தார். 1789 ஜூலை 12, அதாவது பாரிஸின் பாஸ்தி சிறைக் கோட்டை சனத்தின் கையில் விழுவதற்கு இரண்டு நாள் முன்னால், கிழக்கு பிரான்சில் மலையேறும் பாதையில் குதிரையை விட்டிறங்கி நடந்தபோது ஒரு ஏழைப் பெண்ணோடு பேச்சுக் கொடுத்தார். அவளுக்கு ஏழு பிள்ளைகள், ஒரு துண்டு நிலம், ஒரு மாடு, ஒரு சோனிக் குதிரை. ஒரு பிரபுவுக்குக் கோதுமையும் மூன்று கோழியும் கொடுக்க வேண்டும். இன்னொரு பிரபுவுக்கு ஓட்ஸும் ஒரு கோழியும் ஒரு காசும். அதற்கு மேல் ராஜாவின் வரி. பக்கத்தில் நின்று பார்த்தால் அறுபது, எழுபது வயது சொல்லலாம் என்று யங் எழுதுகிறார். முதுகு வளைந்து, முகம் சுருங்கிப்போயிருந்தது. அவள் சொன்ன வயது 28.

அவள் சொன்ன இன்னொன்றும் முக்கியம். எங்களைப் போன்ற ஏழைகளுக்காகப் பெரிய மனிதர்கள் ஏதோ செய்யப்போகிறார்களாம், யார் என்று தெரியாது, எப்படி என்றும் தெரியாது, ஆனால் ஆண்டவன் நல்ல காலம் அனுப்பட்டும் என்றாள். இந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது?

ராஜாவே கொடுத்தது. 1789 ஜனவரி 24ஆம் தேதி லூயி ஒரு ஆணை போட்டார். சபை கூடப் போகிறது, நாட்டின் கடைக்கோடியில், யாருக்கும் தெரியாத குடிசையில் இருப்பவன்கூட அவன் ஆசையும் குறையும் என் காதுக்கு வந்து சேரும் என்று உறுதியாக நம்பலாம் என்று. ஊருக்கு ஊர் கூட்டம் போட்டார்கள். வரிப் பட்டியலில் பேருள்ள, 25 வயது நிறைந்த ஆண்கள் பெரும்பாலும் சர்ச்சில் கூடிக் குறைகளைச் சொல்லச் சொல்ல, எழுதத் தெரிந்த ஒருவர் எழுதினார். இப்படி நாடு முழுக்க ஏறக்குறைய 60,000 குறைப் புத்தகங்கள் சேர்ந்தன.

அதில் என்ன எழுதினார்கள் தெரியுமா? ராஜா ஒழிக என்று இல்லை. குடியரசு வேண்டும் என்றும் இல்லை. ராஜாவை அப்பா ஸ்தானத்தில் வைத்து, நன்றி சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் உப்பு வரி. அப்புறம் பிரபுவின் மாவு மில்லில்தான் அரைக்க வேண்டும், பிரபுவின் அடுப்பில்தான் ரொட்டி சுட வேண்டும் என்ற கட்டாயம். அப்புறம் புறா! பிரபு மட்டும் புறாக்கூண்டு கட்டி வளர்க்கலாம். அந்தப் புறாக்கள் விதைத்த வயலில் இறங்கித் தின்னும். அதை ஓட்டலாம், கொல்லக் கூடாது. முயலும் அப்படித்தான், பிரபு வேட்டையாட வேண்டும் என்பதற்காக ஊர்க்காரன் பயிரைத் தின்று வளரும்.

ஒரு ஊர் முழுக்க உட்கார்ந்து குறையை எழுதிவிட்டால் பழையபடி சும்மா இருக்க முடியாது. அதுவரைக்கும் தலைவிதி என்று நினைத்திருந்ததெல்லாம் ராஜாவுக்குச் சொல்லியாகிவிட்ட குறையாக மாறிவிடும். அடுத்து பதில் வர வேண்டும். அந்த நேரம் பார்த்து வயிறும் காய்ந்தது. 1788 ஜூலையில் ஆலங்கட்டி மழை பயிரை அழித்திருந்தது, அந்தக் குளிர்காலம் கொடுமையாக இருந்தது. 1789 பிப்ரவரியில் பாரிஸில் நாலு பவுண்டு ரொட்டி 14.5 சூ (சூ என்பது அங்கத்துச் சில்லறைக் காசு). ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளமே 20, 30 சூதான். பசி புதிதில்லை. அதற்கு முன்னும் எத்தனையோ பஞ்சங்கள் வந்துபோயின. ராஜா கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்த வருடத்தில் வந்த பசி இது என்பதுதான் வித்தியாசம்.

இங்கே எங்கள் ஊருக்குள் கொஞ்சம் வந்து போக வேண்டும். தக்கலையிலிருந்து தலக்குளம் பக்கம்தான். பின்னால் திருவிதாங்கூர் திவானான வேலுத்தம்பி பிறந்த ஊர். எல்லோரும் அவரை 1809இல் குண்டறையில் சனத்தை எழச் சொல்லி விட்ட அறிவிப்பான குண்டறை விளம்பரத்துக்காக, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனை எதிர்த்ததற்காக நினைக்கிறார்கள். அதற்குப் பத்து வருடம் முன்னால், 1799இல், அவர் காரியக்காரராக, அதாவது தாசில்தார் மாதிரி ஒரு அதிகாரியாக இருந்தபோது நடந்ததை எங்கள் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

திப்புவோடு நடந்த போரும், கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணமும் திருவிதாங்கூர்க் கஜானாவை உறிஞ்சியிருந்தன. கார்த்திகைத் திருநாள் ராமவர்மா 1798இல் இறந்து, பதினாறு வயதுப் பையன் பாலராமவர்மா பட்டத்துக்கு வந்தார். ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி திவானானார். சங்கரநாராயணன் செட்டியும் மாத்துத் தரகனும் அவருக்குக் கூட்டு. காலிக் கஜானாவை நிரப்ப, வசதியுள்ளவர்களையும் அதிகாரிகளையும் கூப்பிட்டு இவ்வளவு கட்டு என்று நிர்ப்பந்தித்தார்கள். வேலுத்தம்பியிடமும் பெருந்தொகை கேட்டார்கள். தவணை கேட்டு ஊருக்கு வந்தவர் பணம் திரட்டவில்லை, ஆள் திரட்டினார். இந்தப் பக்கத்து சனம் திரண்டு திருவனந்தபுரத்துக்குப் போனது.

கோரிக்கைகளைப் பாருங்கள். நம்பூதிரியை நீக்கி நாடு கடத்த வேண்டும், இனி ஒருபோதும் திரும்பக் கூப்பிடக் கூடாது. மற்ற இருவருக்கும் எல்லோர் முன்னிலையிலும் தண்டனை. உப்பு வரியையும் மற்ற கொடும் வரிகளையும் நீக்க வேண்டும். அங்கேயும் உப்பு, இங்கேயும் உப்பு! ராஜாவைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக இல்லை. ராஜா ஒத்துக்கொண்டார். சனம் வீடு திரும்பியது.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வேலுத்தம்பி வசதியான வீட்டு அதிகாரி. அந்தக் கூட்டம் போய்வந்த பிறகும் எங்கள் பக்கத்து அடித்தட்டு சனத்தின் ஊழியமும் தலைவரியும் அப்படியேதான் இருந்தன. ஆனால் கஜானா காலி, காரணம் போர், மந்திரி மேல் கோபம், ராஜா மேல் நம்பிக்கை: ஆரம்பம் இரண்டிலும் ஒன்றுதான். பதில் உடனே வந்ததா இல்லையா என்பதில்தான் பாதை பிரிந்தது.

பிரான்சில் பதில் வரவில்லை. 1789 மே 5ஆம் தேதி சபை கூடியது. தலைக்கு ஒரு வோட்டா, வகுப்புக்கு ஒரு வோட்டா என்ற சண்டையிலேயே வாரங்கள் ஓடின. ஜூன் 17இல் மூன்றாம் வகுப்பார் தங்களையே தேசிய சபை என்று அறிவித்துக்கொண்டார்கள். பாரிஸைச் சுற்றிப் படை வந்து நின்றது. ஜூலை 11இல் சனத்துக்குப் பிடித்த மந்திரி நெக்கரை ராஜா நீக்கினார். பாஸ்தி கோட்டையை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய இரவுகளில் சனம் எரித்தது எதை என்று பாருங்கள். பாரிஸுக்குள் வரும் சரக்குக்கு வரி பிடிக்க குத்தகைக் கூட்டம் ஊரைச் சுற்றிச் சுவர் கட்டி, வாசலுக்கு வாசல் சுங்கச்சாவடி வைத்திருந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட அந்தச் சாவடிகளில் பெரும்பாலானவற்றை எரித்தார்கள். கோட்டைக்கு முன்னால் செக்போஸ்ட்.

அப்புறம் கிராமங்கள். ஜூலை கடைசியில் விவசாயிகள் பிரபுக்களின் மாளிகைகளுக்குள் புகுந்து, யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்த பழைய ஏடுகளைத் தேடி எடுத்து எரித்தார்கள். பல இடங்களில் அவர்கள் சொன்னது, இது ராஜாவின் ஆணை என்று! ராஜா தங்கள் பக்கம், பிரபுக்கள் அவர் ஆணையை மறைக்கிறார்கள் என்று மனதார நம்பினார்கள். ஆகஸ்ட் 4 இரவு தேசிய சபை பிரபுக்களின் சலுகைகளை ஒழித்தது. புறாக்கூண்டு உரிமைக்கென்றே அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அதே சட்டத்தில் லூயிக்கு பிரெஞ்சுச் சுதந்திரத்தை மீட்டுத் தந்தவர் என்று பட்டமும் கொடுத்தார்கள். அக்டோபரில் பாரிஸ் பெண்கள் மழையில் வெர்சாய்க்கு நடந்துபோய் ராஜா குடும்பத்தைக் கையோடு கூட்டிவந்தார்கள். ரொட்டிக்காரரையும் ரொட்டிக்காரர் பெண்டாட்டியையும் ரொட்டிக்காரர் பையனையும் கொண்டுவருகிறோம் என்று கூவிக்கொண்டே வந்தார்கள். ராஜா நம் ஊரில், நம் கண் முன்னால் இருந்தால் ரொட்டி தானாக வரும் என்று நினைத்தார்கள். இதில் எங்கே இருக்கிறது வெறுப்பு?

ஒரு பையன் கேட்டான்: "பின்ன எதுக்கு டீச்சர் தலைய வெட்டினாவ?"

அவர் ஓடினதால் மக்களே. 1791 ஜூன் 20 இரவு லூயி மாறுவேடத்தில் குடும்பத்தோடு கிழக்கு எல்லையை நோக்கிப் புறப்பட்டார். வழியில் தபால் குதிரை நிலையத்தில் இருந்த துருவே என்பவர் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். அரசு அச்சடித்த பணத்தாளில் ராஜாவின் படம் இருந்ததே! வாரேன் என்ற சின்ன ஊரில் பிடித்துவிட்டார்கள். ஆனால் ஓடியதைவிடப் பெரிய அடி, அவர் கைப்பட எழுதி அரண்மனையில் விட்டுப்போன கடிதம். 1789 அக்டோபருக்குப் பிறகு தான் சம்மதித்ததெல்லாம் கட்டாயத்தில் செய்தது, எதுவும் செல்லாது என்று அதில் இருந்தது. அதுவரை மந்திரி, பிரபு, குத்தகைக்காரன் என்று இடையில் நின்றவனைச் சொல்லிக்கொண்டிருந்த சனத்துக்கு, இடையில் யாரும் இல்லை என்று ராஜாவே எழுதிக் கொடுத்த மாதிரி ஆனது.

அடுத்த மாதம், ஜூலை 17ஆம் தேதி, பாரிஸ் மைதானம் ஒன்றில் ஆயிரக்கணக்கான சனம் கூடி மறுபடியும் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டது. இந்தத் தடவை ராஜாவுக்கு இல்லை, ராஜாவை நீக்கச் சொல்லி. தேசியக் காவல்படை சுட்டதில் பலர் செத்தார்கள். 1792 ஆகஸ்ட் 10இல் அரண்மனையை முற்றுகையிட்டார்கள், செப்டம்பர் 21இல் முடியாட்சியை ஒழித்தார்கள், 1793 ஜனவரி 21இல் தலை விழுந்தது. அந்தக் கொலையையும் அதற்குப் பின் ஓடிய ரத்தத்தையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொல்கிறேன்.

ரஷ்யாவைப் பாடம் எடுக்கும்போதும் இதே நூலைப் பிடித்துக்கொண்டுதான் போவேன். 1905 ஜனவரியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தொழிலாளிகள் ஒரு பாதிரியார் தலைமையில் மனு எடுத்துக்கொண்டு ஜார் மன்னனிடம் போனார்கள். கையில் சாமி படம், கூடவே ஜாரின் படம். ஜார் அன்று நகரத்தில்கூட இல்லை, சிப்பாய்கள் சுட்டார்கள். அதன்பின் பன்னிரண்டு வருடத்தில் ஜார் இல்லை.

எங்கள் பக்கத்திலும் அந்த நம்பிக்கை எல்லோருக்கும் நிலைக்கவில்லை. 1830களில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர், ஊழியத்தாலும் வரியாலும் நசுங்கிய சனத்தைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார். இடையில் நின்றவனை அவர் குறைசொல்லவில்லை. அனந்தபுரத்தில் இருந்த ராஜாவையே நீசன் என்றார். அதற்குச் சிறையும் பார்த்தார். 1799இல் திருவனந்தபுரத்துக்கு மனுவோடு போனதும் இதே தெற்குத் திருவிதாங்கூர்தான். இடையில் நாற்பது வருடம்கூட இல்லை.

பேப்பர் திருத்துகிற ஆசிரியர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். புரட்சியின் காரணங்களில், ராஜா குறைகளை எழுதச் சொன்னார், சனம் நம்பி எழுதியது, பதில் வரவில்லை என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால், புத்தகத்தில் இல்லை என்று அடித்துவிடாதீர்கள். தக்கலைப் பக்கத்துப் பிள்ளையாக இருக்கும். தெரிந்துதான் எழுதியிருக்கும்.